பிட்ச் பெடலை நம்பித் தாழ்ந்த ட்யூனிங்கில் வாசிக்கலாமா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2025

என்னிடம் இருப்பது ஒரே கிட்டார். மிதக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (கம்பிகளுக்கும் பின்புறத்து ஸ்பிரிங்குகளுக்கும் நடுவே சமநிலையில் நிற்பது), 10–46 கம்பிகள் (பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்), வழக்கமான ஈ ட்யூனிங். எங்கள் குழு வாசிக்கும் பாடல்களில் பாதி ஈ ஃபிளாட்டில் இருக்கின்றன. சில டி-யிலும், இரண்டு மூன்று டிராப் சி-யிலும் (ஆறாவது கம்பி மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாக இறங்கியது) இருக்கின்றன. இந்தப் பிரிட்ஜை வைத்துக்கொண்டு மேடையில் பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்றுவது நடக்காத காரியம். டிஜிடெக் டிராப் மாதிரி, கிட்டாரின் சுருதியை மின்னணு முறையில் இறக்கும் ஒரு பிட்ச் பெடல் போதுமா, இல்லை இரண்டாவது கிட்டார்தான் வழியா?

3 மார்ச் 2025, காலை

ஈ ஃபிளாட்டுக்கும் டி-க்கும் பெடல் போதும். ஓர் அரைச்சுரம், அதாவது ஒரு ஃபிரெட் அளவு, இறக்கினால், ஒலியை உறுமவைக்கும் டிஸ்டார்ஷனோடு குழுவுக்கு நடுவே வாசிக்கும்போது கேட்பவர் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு அரைச்சுரம் இறக்கினால் வாசிப்பவரின் விரலுக்கு ஏதோ ஒன்று மாறியிருப்பது தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. மூன்று என்பது எல்லைக்கோடு. நான்கைத் தாண்டினால் அது தாழ்ந்த ட்யூனிங்காக ஒலிப்பதில்லை, பெடலாகவே ஒலிக்கிறது. அந்த ஒலியே வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

டிராப் சி-க்குப் பெடல் மட்டும் போதாது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

3 மார்ச் 2025, இரவு

டிராப் ட்யூனிங் பற்றி. இந்தப் பெடல்கள் ஆறு கம்பிகளின் ஒலியையும் ஒன்றாகச் சேர்த்தே பெறுகின்றன. ஆகவே ஆறையும் ஒரே அளவுதான் இறக்க முடியும். ஆறாவது கம்பியை மட்டும் தனியே இறக்கும்படி அவற்றிடம் கேட்க முடியாது. கம்பிக்கு ஒரு பிக்கப் வைத்திருக்கும் லைன் 6 வேரியாக்ஸ் போன்ற கிட்டார்களில்தான் அது இயலும். எனவே கிட்டாரில் ஆறாவது கம்பியைக் கையால் டி-க்கு இறக்கி டிராப் டி வைத்துக்கொண்டு, மீதியைப் பெடலிடம் விட வேண்டும். டிராப் டி-யிலிருந்து ஒன்று இறக்கினால் டிராப் சி ஷார்ப், இரண்டு இறக்கினால் டிராப் சி, மூன்று இறக்கினால் டிராப் பி.

உங்கள் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மிதக்கும் பிரிட்ஜில் ஆறாவது கம்பியைத் தளர்த்தினால், பின்புறத்து ஸ்பிரிங்குகளின் இழுப்பு மேலோங்கி மற்ற ஐந்து கம்பிகளும் சற்றே ஏறிவிடும். ஆறாவது கம்பியை ஒரு விரலசைவில் டி-க்கு இறக்கும் டி-ட்யூனா என்ற சிறு கருவி இருக்கிறது. ஆனால் பிரிட்ஜ் மரத்தின் மேல் படிந்து உட்கார்ந்திருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பிரிட்ஜின் கைப்பிடியை மேலே இழுத்துச் சுருதியை ஏற்றும் வாசிப்பு உங்களுக்கு அவசியமா என்பதைத்தான். அவசியமில்லை என்றால், பின்பக்கக் குழிக்குள் அளவாகச் செதுக்கிய ஒரு மரத்துண்டை வைத்து மேலிழுப்பைத் தடுத்துவிட்டு டி-ட்யூனா பொருத்துங்கள். கையில் இருக்கும் கிட்டாரும் ஒரு பெடலுமே உங்கள் பட்டியல் முழுவதற்கும் போதுமானவையாகிவிடும்.

6 மார்ச் 2025

“ஒன்றுக்கும் ஐந்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம், பெடலுக்கு எல்லாம் ஒரே கணக்குதானே” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கணக்கு ஒன்றுதான், ஆனால் அந்தக் கணக்கே விளைவை மாற்றுகிறது.

கிட்டாரின் ஒலி எண்களாக மாற்றப்பட்டு ஒரு சிறிய நினைவகத்தில் எழுதப்படுகிறது. எழுதப்படும் வேகத்தைவிட மெதுவாக அதைப் படித்தால் சுருதி இறங்கும். ஓர் அரைச்சுரம் இறக்க, படிக்கும் வேகம் எழுதும் வேகத்தில் 0.944 மடங்கு, ஐந்து அரைச்சுரத்துக்கு 0.749 மடங்கு, ஓர் ஆக்டேவுக்கு (பன்னிரண்டு அரைச்சுரம்) சரிபாதி. மெதுவாகப் படித்தால் படிக்கும் இடம் பின்தங்கிக்கொண்டே போகும் அல்லவா? ஓர் அரைச்சுரத்தில் ஒவ்வொரு 100 மில்லி விநாடிக்கும் 5.6 மில்லி விநாடி பின்னடைவு சேர்கிறது, ஐந்தில் 25, ஆக்டேவில் 50. இந்தப் பின்னடைவை அப்படியே சேரவிட்டால் நீங்கள் வாசித்து முடித்த பிறகும் ஒலி வந்துகொண்டிருக்கும். எனவே படிக்கும் இடம் அவ்வப்போது முன்னே தாவித்தான் ஆக வேண்டும். உதாரணத்துக்கு, 40 மில்லி விநாடி பின்தங்கியதும் தாவுவதாக வைத்துக்கொண்டால், ஓர் அரைச்சுரத்தில் 0.7 விநாடிக்கு ஒரு தாவல் நேர்கிறது, ஆக்டேவில் 0.08 விநாடிக்கு ஒன்று நேர்கிறது. ஒவ்வொரு தாவலும் அலையின் இரண்டு துண்டுகளை ஒட்டும் ஓர் ஒட்டு. இறக்கம் கூடக்கூட ஒட்டுகளும் கூடுகின்றன, அவ்வளவுதான்.

ஒற்றைச் சுரத்தில் அலை ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருவதால் ஒட்டு சரியாகப் பொருந்திவிடும். கார்டு வாசித்தால் ஆறு சுரங்களின் அலைநீளங்களும் வெவ்வேறாக இருக்கின்றன. எந்த இடத்தில் ஒட்டினாலும் ஏதாவது ஒரு சுரம் பிசிறும். சுருதியைக் காலால் ஏற்றி இறக்கும் டிஜிடெக்கின் பழைய வேமி பெடலில் கார்டு வாசித்தால் கேட்கும் அந்த நடுக்கம் இதுதான். 1989-ல் வந்த அந்தப் பெடல் ஒற்றைச் சுரங்களை மனதில் வைத்து உருவானது. பிற்பாடு வந்த ஐந்தாம் தலைமுறையில்தான் கார்டுகளுக்கென்று தனி முறை சேர்ந்தது. டிராப், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் பிட்ச் ஃபோர்க் போன்றவை தொடக்கம் முதலே முழுக் கார்டுகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் உள்ளே இருக்கும் வழிமுறை நான் மேலே சொன்ன எளிய முறையைவிட நுட்பமானது. ஆனாலும் ஒரு விஷயத்திலிருந்து எந்த நுட்பமும் தப்ப முடியாது: ஆறாவது கம்பியின் ஈ 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அதாவது அதன் ஒரு முழு அலை வந்து சேரவே 12 மில்லி விநாடி ஆகிறது. அலையை அடையாளம் காணாமல் அதைச் செம்மையாக ஒட்ட முடியாது. பெடல் சற்றுத் தாமதமாகப் பதில் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுவே. செயலியின் வேகத்தைக் கூட்டுவதால் மட்டும் அது தீர்ந்துவிடாது.

7 மார்ச் 2025

தாமதத்தைப் பற்றி ஒரு சேர்க்கை. 10 மில்லி விநாடி என்பது காற்றில் ஒலி ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கடக்கும் நேரம். மேடையில் ஆம்பிலிருந்து அந்தத் தொலைவில் நின்று வாசிப்பவர்கள் தினமும் அந்தத் தாமதத்தோடுதான் வாசிக்கிறார்கள். ஆகவே பெடலின் தாமதம் தனியாக யாரையும் வீழ்த்துவதில்லை. டிஜிட்டல் வயர்லெஸ், அதற்குப் பின் பெடல், அதற்குப் பின் ஆம்பைப் போல ஒலிக்கும் டிஜிட்டல் மாடலர், கடைசியில் நீங்கள் நிற்கும் தூரம் என்று எல்லாம் கூடும்போதுதான் வலது கை தடுமாறுகிறது. பெடல் குற்றவாளியா என்று தீர்மானிக்கும் முன் வயர்லெஸ்ஸைக் கழற்றிவிட்டுக் கேபிளில் வாசித்துப் பாருங்கள்.

11 மார்ச் 2025

வீட்டில் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு “சுருதி சேரவே இல்லை” என்று பெடலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். கோளாறு பெடலில் இல்லை. கம்பி ஈ-யில்தான் அதிர்கிறது. ஆம்பில் வருவது மட்டுமே ஈ ஃபிளாட். படுக்கையறையில் ஆம்பை மெல்லமாக வைத்துக்கொண்டு வாசித்தால் இரண்டும் ஒன்றாகக் காதில் விழும். முதல் கம்பியில் ஒன்று 329.6 ஹெர்ட்ஸ், மற்றது 311.1 ஹெர்ட்ஸ், இந்த இரண்டும் மோதும் உரசலைத் தாங்கிக்கொண்டு யாராலும் வாசிக்க முடியாது. கிட்டாரின் உடல் நெஞ்சில் படுவதால் அதிர்வு உள்ளுக்குள்ளும் கேட்கிறது. மூடிய வகை ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஆம்பின் ஒலி கம்பியின் ஒலியை முழுமையாக மறைக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். ஆச்சரியமாக, ஆக்டேவ் இறக்கத்தில் இந்த உபத்திரவம் மிகக் குறைவு, ஏனென்றால் அங்கே இரண்டும் ஒரே சுரத்தின் இரு நிலைகள்.

15 மார்ச் 2025

பெடல் வரிசையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ட்யூனர் முதலில், பிட்ச் பெடல் அடுத்து, பிறகு மற்ற எல்லாம்.

ட்யூனரைப் பிட்ச் பெடலுக்குப் பின்னால் வைத்தால் அது இறக்கிய சுரத்தைக் காட்டும். மேடை இருட்டில் அவசரத்தில் அதைப் பார்த்துச் சரியாக இருக்கும் கம்பியைத் திருப்பத் தொடங்கினால் அடுத்த பாடல் கெட்டுவிடும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பதற்கான காரணம் வேறு. டிஸ்டார்ஷன், கார்டில் இருக்கும் சுரங்களை ஒன்றோடொன்று பெருக்கிப் புதிய அதிர்வுகளை உண்டாக்குகிறது. அந்த நெரிசலுக்குள் அலையை அடையாளம் காண்பது பெடலுக்குக் கடினம். சுத்தமான ஒலியை முதலில் கொடுத்து இறக்கச் சொல்லி, பிறகு அதை உறுமவிடுவதே முறை.

விதிவிலக்கு பழைய வகை ஃபஸ் எனும் கரடுமுரடான டிஸ்டார்ஷன் பெடல். ஃபஸ் ஃபேஸ் போன்ற சுற்றுகள் கிட்டாரின் பிக்கப்பை நேரடியாகச் சந்திக்க விரும்புபவை. நடுவில் வேறொரு மின்னணுப் பெடல் உட்கார்ந்தால் அவற்றின் குரல் கரகரத்துப் போகிறது, வால்யூம் குமிழைக் குறைத்தால் கிடைக்கும் இனிமையும் போய்விடும். அந்த ஃபஸ்ஸின் மேல் உங்களுக்கு உண்மையான பற்று இருந்தால் அதை முன்னால் வைத்து, இறக்கத்தை ஒற்றைச் சுரங்களுக்கும் பவர் கார்டுகளுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

மின்சாரமும் முக்கியம். இவை அனலாக் பெடல்களைப் போலச் சில மில்லி ஆம்பியரில் ஓடுபவை அல்ல. டிராப் பெடலுக்கு 9 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் தரக்கூடிய தனி இணைப்பை ஒதுக்குங்கள். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக எல்லாவற்றுக்கும் இழுத்தால் டிஜிட்டல் பெடலின் இரைச்சல் மற்ற பெடல்களுக்குள் புகுந்து ஒரு மெல்லிய சீழ்க்கையாகக் கேட்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தச் சீழ்க்கையோடு முழுக் கச்சேரியையும் வாசிக்க நேர்ந்தது. பாட்டுகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு அமைதியிலும் அது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

22 மார்ச் 2025

மூன்றாம் தேதி நான் போட்ட அளவுகோலை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கிறது. “மூன்று என்பது எல்லைக்கோடு” என்பது டிஸ்டார்ஷன் வாசிப்புக்குப் பொருந்தும். சுத்தமான ஒலியில், அதுவும் திறந்த கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டி நீளமாக ஒலிக்கவிடும் வாசிப்பில், இரண்டிலேயே மேல்கம்பிகளில் மெல்லிய அலைச்சல் கேட்கத் தொடங்குகிறது. டிஸ்டார்ஷன் ஒலியின் ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்தி அந்த ஒட்டுகளை மூடிவிடுகிறது. சுத்தமான ஒலியில் மூடுவதற்கு எதுவும் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் அதிகமும் வாசித்தது மெல்லிசைக் குழுக்களில். அங்கே பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு “அரைக்கட்டை இறக்கிக்கலாமா” என்று கேட்பது அன்றாட வழக்கம். கீபோர்டு வாசிப்பவர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். கிட்டார்காரருக்கு ஏற்றுவதென்றால், எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்தும் கேப்போ இருக்கிறது. இறக்குவதற்கு எதுவும் கிடையாது. மூன்று கட்டையில், அதாவது ஈ-யில் இருக்கும் பாடலை இரண்டரைக் கட்டைக்கு இறக்கினால், திறந்த ஆறாவது கம்பியை நம்பி அமைத்த இழைகள் எல்லாம் கையைவிட்டுப் போய்விடும். பார் கார்டு போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அந்தப் பாடலின் கிட்டார் அது இல்லை. இந்த அரைக்கட்டைக்காகவே பிட்ச் பெடலை நான் மெல்லிசைக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு மனமாரப் பரிந்துரைப்பேன். ராக் வாசிப்பவர்களைவிட அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் எண்ணம். ஒரு கட்டைக்கு மேல் இறக்கச் சொன்னால் விரல் அமைப்பையே மாற்றி வாசிப்பது நல்லது.

23 மார்ச் 2025

சுத்தமான ஒலிக்கு ஒரு சிறு பரிகாரம்: பெடல் எல்லா அதிர்வுகளையும் ஒரே விகிதத்தில் இறக்குவதால் பிக்கப்பின் பளபளப்பும் சேர்ந்து கீழே இறங்குகிறது. 4,000 ஹெர்ட்ஸில் இருந்த ஒரு மேடு, இரண்டு அரைச்சுர இறக்கத்தில் 3,560-க்கு அருகே வந்துவிடும். ஆம்பில் ட்ரெபிளைச் சற்றே ஏற்றினால் ஒலி மந்தமானது போன்ற உணர்வு பெரும்பாலும் நீங்கும். ஏற்றியதைப் பெடலை அணைக்கும்போது இறக்க மறந்துவிடக் கூடாது.

2 ஏப்ரல் 2025

“பெரிய குழுக்கள் எல்லாம் உண்மையாகவே கம்பியைத் தளர்த்தித்தான் வாசித்தார்கள், பெடல் என்பது ஏமாற்று” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது.

பின்னாளில் பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரரான டோனி அயோமி 1965-ல் பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். அவர் இடக்கை வாசிப்பாளர். ஆகவே ஃபிரெட்டில் அழுத்துவது அந்த வலது கைதான். மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிளாக் சபாத்தின் மூன்றாம் ஆல்பத்தில், 1971-ல், மூன்று அரைச்சுரம் இறங்கி சி ஷார்ப்புக்கு வந்தார். அழுத்தும் விரலுக்கு வலி குறைய வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். அந்த ஒலியைக் கவனித்துக் கேளுங்கள். தளர்ந்த கம்பியை ஓங்கி அடிக்கும் கணத்தில் சுரம் சற்றே மேலே எகிறிப் பிறகு தன் இடத்தில் அமர்கிறது; கம்பி ஃபிரெட்டில் உரசுகிறது; வைப்ராட்டோ அகலமாகிறது. கனம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு அந்தத் தளர்ச்சியிலிருந்தே வருகிறது. பெடல் உங்களுக்குச் சி ஷார்ப்பைத் தரும், தளர்ச்சியைத் தராது. ஈ-யின் இறுக்கத்தோடு வாசித்த சி ஷார்ப் வேறொரு ஒலி. ஆகவே அந்த வகை இசையைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் கம்பியைத் தளர்த்துங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். தி வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் வைட் 2003-ல் ‘செவன் நேஷன் ஆர்மி’ பாடலில் ஒரு பழைய கிட்டாரை வேமி பெடல் வழியாக ஓர் ஆக்டேவ் இறக்கி வாசித்த இசைத்துணுக்கை உலகமெங்கும் கால்பந்து அரங்குகளில் மக்கள் பாடுகிறார்கள். அதைப் பேஸ் கிட்டார் என்றே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழுவில் பேஸ் வாசிப்பவரே இருந்ததில்லை. அங்கே பெடலின் மங்கலும் பருமனும்தான் அந்த இசையின் முகம். இறுக்கமான கம்பியில் வேகமாக வெட்டி வெட்டி வாசிக்கும் இன்றைய மெட்டல்காரர்களிலும் பலர், தாழ்ந்த சுரம் வேண்டும் ஆனால் தளர்ந்த கம்பி வேண்டாம் என்றே இந்தப் பெடலைத் தேடி வருகிறார்கள். ஏமாற்று என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. இரண்டும் இரண்டு ஒலிகள், எது வேண்டும் என்பது வாசிப்பவரின் தேர்வு.

3 ஏப்ரல் 2025

மேலே எழுதிய பிறகு ஃபீட்பேக்கைப் பற்றி நினைவு வந்தது; இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆம்பின் எதிரில் நின்று ஒரு சுரத்தைப் பிடித்தபடியே ஊளையிட விடுவது, ஒலிபெருக்கியின் அதிர்வு கம்பியை மறுபடி அதே சுரத்தில் ஆட்டுவதால் நடக்கிறது. பெடல் இறக்கிவிட்டால் கம்பி ஈ-யில் ஆடுகிறது, ஒலிபெருக்கி டி-யில் தள்ளுகிறது, இரண்டும் சேர்வதில்லை. சுரம் மலர்வதற்குப் பதிலாக அணைந்துபோகிறது, அல்லது எங்கோ உச்சியில் கீச்சிடுகிறது. ஆக்டேவ் இறக்கத்தில் மட்டும் ஒலிபெருக்கி தரும் சுரத்தின் இரண்டாம் மடங்கு கம்பியின் அதிர்வோடு ஒத்துப்போவதால் வாய்ப்பு உண்டு. நீண்ட ஃபீட்பேக்கில் முடியும் பாடல் உங்கள் பட்டியலில் இருந்தால் அதைப் பெடலுக்குக் கொடுக்காதீர்கள்.

10 ஏப்ரல் 2025

இரண்டாவது கிட்டாருக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்காக, கம்பிக் கணக்கு. கம்பியின் இழுவிசை சுரத்தின் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். இரண்டு அரைச்சுரம் தளர்த்தினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நான்கு தளர்த்தினால் 37 விழுக்காடு. ஐந்து தளர்த்தினால் 44 விழுக்காடு. அதே இறுக்கம் திரும்ப வேண்டுமானால் கம்பியின் பருமனை அதே விகிதத்தில் கூட்ட வேண்டும்: 46 என்ற ஆறாவது கம்பி, இரண்டு அரைச்சுரத்துக்கு 52 ஆகவும், நான்குக்கு 58 ஆகவும் மாற வேண்டும். நட்டின் (கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளங்களை அகலப்படுத்தி, எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சேரும்படி இன்டனேஷனைத் திருத்தி, நெக்கின் வளைவையும் சரிபார்த்தே அந்தக் கிட்டாரை மேடைக்குக் கொண்டுவர வேண்டும். கம்பியின் நீளமும் உதவும்: வழக்கமான 25.5 அங்குலத்துக்குப் பதில் 27 அங்குலம் என்றால் இழுவிசை 12 விழுக்காடு கூடும், அதாவது ஏறத்தாழ ஓர் அரைச்சுரத்தின் அளவு.

இதனால்தான் டிராப் பி, டிராப் ஏ என்று அங்கேயே குடியிருக்கும் குழுக்களுக்கு நான் பெடலைச் சொல்வதில்லை. மாலை முழுவதும் ஒரே தாழ்ந்த ட்யூனிங் என்றால் அதற்கென்று ஒரு கிட்டாரை அமைத்துவிடுவது நல்லது. பட்டியலில் ட்யூனிங் மாறிக்கொண்டே இருந்தால், பெடலைப் போல உதவுவது வேறில்லை.

19 ஏப்ரல் 2025

கேள்வி கேட்ட வாசகர் மரத்துண்டும் டி-ட்யூனாவும் பொருத்தி, பெடலும் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. பேஸ் வாசிப்பவருக்கும் இதே பெடல் போதுமா என்பது அவருடைய புதிய கேள்வி.

கூடுமானவரை வேண்டாம். நான்கு கம்பி பேஸின் ஈ 41.2 ஹெர்ட்ஸ், ஒரு முழு அலைக்கே 24 மில்லி விநாடி ஆகிறது. கிட்டாரில் நாம் பொறுத்துக்கொண்ட தாமதமும் ஒட்டுகளும் அங்கே பெரிதாகின்றன, டிரம்மின் உதையோடு பேஸ் சேராமல் குழு முழுவதும் தள்ளாடுவது போல் கேட்கும். ஓர் அரைச்சுரம் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் அவர் ஐந்து கம்பி பேஸுக்கு மாறட்டும். அதன் பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், உங்கள் டிராப் சி அதற்குள் அடங்கிவிடும். அவர் விரல் இடத்தை மாற்றி வாசிக்கிறார், நீங்கள் பெடல் எண்ணை மாற்றி வாசிக்கிறீர்கள் என்பதால் இருவரும் ஒரே பாடலுக்கு வெவ்வேறு சுரப்பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஒத்திகையில் ஒலிக்கும் சுரத்தின் பெயரையே இருவரும் சொல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பாடல் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பெடலின் எண்ணையும், டி-ட்யூனா இழுத்திருக்கிறதா இல்லையா என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். டிராப் பெடலின் குமிழைக் காலால் திருப்ப முடியாது, குனிந்துதான் ஆக வேண்டும்; ஆகையால் ஒரே எண்ணில் இருக்கும் பாடல்களை அடுத்தடுத்து வரும்படி பட்டியலை அமைத்துக்கொள்ளுங்கள்.